பழைய திருப்புதல் ரெஃபரன்ஸ் பைபிள்: வாங்கலாமா, எப்படி வாசிப்பது?

புதிதாக ஞானஸ்நானம் எடுத்தவர்களும் வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகளும் கேட்கும் கேள்வி: சாதாரணப் பதிப்பு போதுமா, ஒத்தவாக்கியக் குறிப்புகள் (ஒரு வசனத்தோடு தொடர்புள்ள மற்ற வசனங்களைக் காட்டும் ஓரக்குறிப்புகள்) உள்ள ரெஃபரன்ஸ் பதிப்பு வேண்டுமா? தினமும் அரை மணி நேரம் உட்கார முடியுமென்றால் ரெஃபரன்ஸ் பதிப்பையே வாங்குங்கள். ஞாயிறு ஆராதனைக்குக் கொண்டுபோக மட்டும் என்றால் வேண்டாம், கனமும் அதிகம், எழுத்தும் சிறியது.

பழைய திருப்புதல் என்று நாம் சொல்வது ஹென்றி பவர் தலைமையிலான குழு முடித்து 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. இன்றும் பெரும்பாலான புராட்டஸ்டண்ட் சபைகளில் பிரசங்கமும் மனப்பாட வசனமும் இதிலிருந்துதான். இதன் பெரிய பலம், முக்கியமான சொற்களைப் பல இடங்களில் ஒரே மாதிரி வைத்திருப்பது. ரோமர் 12:2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: "உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்." மத்தேயு 17:2-இல் மலையின்மேல் இயேசு "மறுரூபமானார்". 2 கொரிந்தியர் 3:18-இல் நாம் கர்த்தருடைய மகிமையைக் கண்டு "மறுரூபப்படுகிறோம்". மாற்கு 9:2-ஐயும் சேர்த்து இந்த நான்கு இடங்களிலும் கிரேக்கத்தில் ஒரே வினைச்சொல்தான். அது புதிய ஏற்பாட்டில் வருவதும் இந்த நான்கு இடங்களில் மட்டுமே. ரோமர் வசனத்தைத் தனியாக வாசித்தால் "நல்ல பிள்ளையாக நடந்துகொள்" என்பதுபோலத் தோன்றும். மற்ற மூன்றோடும் சேர்த்து வாசித்தால் கட்டளையின் ஆழம் தெரியும். மலையில் பிரகாசித்த அந்த மகிமையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவன் அந்தச் சாயலாக மாறுகிறான். கொரிந்தியர் பகுதியை 13-ஆம் வசனத்திலிருந்து வாசித்தால் மோசேயின் முக்காடு வரும். அங்கிருந்து, அந்த முக்காட்டுச் சம்பவம் உள்ள யாத்திராகமம் 34-க்குப் போய்விடுவீர்கள். ஒரு காலை முழுவதற்கும் இது போதும்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. பிலிப்பியர் 3:21-இலும் 1 கொரிந்தியர் 15:51-இலும் இதே தமிழ்ச்சொல் வருகிறது, ஆனால் மூலத்தில் அவை வேறு சொற்கள். பொருள் நெருக்கமானதுதான். ஆனாலும் தமிழ்ச்சொல் ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் உபதேசம் கட்டிவிடக்கூடாது. ஓரக்குறிப்பில் கிடைக்காத இடங்களைக் கைபேசிச் செயலியில் தேடும்போது "மறுரூப" என்று பாதியில் நிறுத்தித் தேடுங்கள். "மறுரூபம்" என்று முழுதாகப் போட்டால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் செயலியில் மேலே சொன்ன ஒரு வசனம்கூட வராது, ஏனென்றால் எல்லாமே விகுதி சேர்ந்து நிற்கின்றன.

பலவீனம் என்றால் நூற்றைம்பது வருடத்துத் தமிழ். அதே ரோமர் 12:2-இல் "இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்" என்று இருக்கிறது. இன்று பிரபஞ்சம் என்றால் நட்சத்திர மண்டலம், வேஷம் என்றால் நாடகம். பவுல் சொல்வது இந்தக் காலத்துப் போக்கின் அச்சில் வார்க்கப்படாதிருப்பதை. புரியாத சொல்லைவிட, புரிந்ததுபோல ஏமாற்றும் இப்படிப்பட்ட சொல்தான் ஆபத்து. அதனால் பக்கத்தில் 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். வசனம் பிடிபடாதபோது மட்டுமல்ல, புரிந்துவிட்டது என்று தோன்றும்போதும் அதைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் வசன எண். "நீங்கள் வளரும்படி" என்று ஞானப்பாலைப் பற்றிச் சொல்லும் வசனம் தமிழில் 1 பேதுரு 2:3, ஆங்கில பைபிளில் 2:2. "ருசிபார்த்ததுண்டானால்" என்ற நிபந்தனை தமிழில் முன்னால் வரவேண்டியிருந்ததால் வசனங்களையே இடம் மாற்றியிருக்கிறார்கள். ஆங்கில விளக்கவுரையோடு ஒப்பிடுகிறவர்கள் இங்கே அச்சுப்பிழை என்று நினைத்துக் குழம்ப வேண்டியதில்லை.

இனி வாசிக்கும் முறை. பைபிளில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரே வருடத்தில் முடிக்க ஒரு நாளைக்கு மூன்றுக்குச் சற்று மேல் வேண்டும். ஜனவரி 1-இல் ஆதியாகமத்தில் தொடங்கி தினம் மூன்று என்று போனால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 என 30 நாளில் முடியும். ஜனவரி 31 அன்று லேவியராகமம். பலர் நின்றுபோவது அங்கேதான், ரெஃபரன்ஸ் பைபிளை அந்த வேகத்தில் வாசிப்பதும் வீண். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று என்றால் 52 வாரத்தில் கச்சிதமாக முடியும். விட்டுப்போனதைப் பிடிக்க சனிக்கிழமை இருக்கிறது.

முதல் தடவை குறிப்பு எதையும் பார்க்காமல் அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். இரண்டாம் தடவை வாய்விட்டு. பிறகு ஒரே ஒரு வசனத்தைத் தேர்ந்து, அதற்கான ஒத்தவாக்கியங்களில் மூன்றை மட்டும் திருப்புங்கள், ஒன்றாவது பழைய ஏற்பாட்டிலிருந்து இருக்கட்டும். போன இடத்தில் முன்னும் பின்னும் ஐந்து வசனம் வாசித்தே தீரவேண்டும். குறிப்பிலிருந்து குறிப்புக்குத் தாவிக்கொண்டே போனால் இருபது வசனம் பார்த்திருப்பீர்கள், மனதில் ஒன்றும் நிற்காது. கடைசியில், கண்டதை ஒரே வாக்கியமாக நோட்டில் எழுதி, அதையே ஜெபமாக்குங்கள்.

அந்த ஐந்து வசன விதியைப் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் சோதித்துப் பாருங்கள். எரேமியா 29:11-இன் "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" எத்தனையோ வீட்டுச் சுவரில் தொங்குகிறது. முந்தின வசனம் பாபிலோனில் எழுபது வருஷம் என்கிறது. ஐந்தைத் தாண்டி இன்னும் ஒரு வசனம் மேலே போனால், 5-ஆம் வசனம் அங்கேயே வீடு கட்டு, தோட்டம் போடு என்கிறது. வாக்குத்தத்தம் இதனால் சிறிதாகிவிடுவதில்லை. காத்திருக்கிறவனுக்கு அது இன்னும் நெருங்கி வருகிறது.

கடையில் பார்க்கவேண்டியவை: சங்கீதம் 119-ஐத் திறந்து, வசன எழுத்தை அல்ல, குறிப்பு எழுத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் வாசித்துப் பாருங்கள். கண் சுருங்கினால் எடுக்காதீர்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரிய எழுத்துப் பதிப்பும் கைபேசியில் தேடலுமே நல்லது. ஆதியாகமம் முதல் பக்கத்தைத் திறந்து வையுங்கள். தானாக மூடிக்கொள்ளும் ஒட்டு பைண்டிங்கைவிட நூல் தையல் போட்டது பல வருடம் தாங்கும். தாள் மெல்லியது என்பதால் ஜெல் பேனாவும் ஈரமான ஹைலைட்டரும் மறுபக்கம் ஊறும். கூர் மழுங்கிய பென்சிலோ மெழுகு வகை வண்ணக்கோலோ போதும். ஜிப் உறை வாங்கினால், மூடும்போது தாள் ஓரத்தை விரலால் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசிப் பக்கங்கள்தான் முதலில் கிழியும்.