டெல்டா நெல்லுக்கு எந்த வழி: சேற்று நடவா, ஒற்றை நாற்றா, புழுதி விதைப்பா?

காவிரி டெல்டாவில் மீத்தேன் என்றதும் நிலத்தடியிலிருந்து எரிவாயு எடுக்கும் திட்டமும், அதை எதிர்த்து இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போனதும்தான் நினைவுக்கு வரும். பூமியைச் சூடாக்கும் அதே வாயு நம் நெல் வயலிலிருந்தும் கிளம்புகிறது. வாரக்கணக்கில் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். உலகில் மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நெல் வயல்களுடையது. இது ஒரு பக்கம். பாசனத்துக்கு மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்குமா என்று ஆண்டுதோறும் காத்திருப்பது இன்னொரு பக்கம். இனி வரும் காலத்துக்கு நெல்லை எப்படிப் பயிரிடுவது என்ற கேள்வி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது.

வழக்கமான சேற்று நடவைக் குறை சொல்வது சுலபம். ஏக்கருக்கு 25, 30 கிலோ விதை போகிறது. சேடை கட்டி, அதாவது வயலில் தண்ணீர் தேக்கிச் சேறாக்கி, உழவே ஏகப்பட்ட தண்ணீர் வேண்டும். நாற்றுப் பறிக்கவும் நடவும் உள்ளூரில் ஆள் கிடைக்காமல், மேற்கு வங்கத்திலிருந்து வரும் நடவுக் குழுக்களை நம்பியிருக்கும் ஊர்கள் பல. ஆனாலும் விவசாயி அதை விடாததற்குக் காரணம் இருக்கிறது. தேங்கிய தண்ணீர் களையை அமுக்கிவிடும். 25 நாள் வளர்ந்த நாற்று ஐப்பசி மழையில் நாலு நாள் தண்ணீர் நின்றாலும் சமாளித்துக்கொள்ளும்.

ஒற்றை நாற்று நடவு கணக்கில் பார்த்தால் அருமையானது. மடகாஸ்கரில் 1980-களில் ஹென்றி டி லொலானியே என்ற பாதிரியார் உருவாக்கிய முறை இது. தமிழ்நாட்டில் திருந்திய நெல் சாகுபடி என்ற பெயரில் பரவியது. ஏக்கருக்கு 2, 3 கிலோ விதை போதும். 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட வேண்டும். மண்ணில் மயிரிழை வெடிப்பு விட்ட பிறகு தண்ணீர் கட்டினால் போதும். ஒரு நாற்றே பல கிளைகள் விட்டுத் தூர் கட்டுவதைப் பார்த்தால் மனம் நிறையும்.

சிக்கல், களையை மண்ணுக்குள் அமுக்கும் உருளைக் கருவியான கோனோவீடரில் இருக்கிறது. பத்து நாளுக்கு ஒருமுறை, குறுக்கிலும் நெடுக்கிலும் தள்ள வேண்டும். டெல்டாவின் களிமண்ணில் அதைத் தள்ளுகிறவருக்குத் தோள்பட்டை இறங்கிவிடும். அப்புறம், மழைக்காலத்துச் சம்பா பட்டத்தில் தாழ்வான பள்ளக்கால் வயலில் 14 நாள் பிஞ்சு நாற்றை நட்டால், ஒரு கனமழை போதும், அழுகிவிடும். ஆகவே ஊர் முழுக்க இதைச் செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கைப்பிடி விதையை வைத்து மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி போன்ற பாரம்பரிய ரகங்களைப் பெருக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. பாரம்பரிய நெல்லைக் காத்த நெல் ஜெயராமன் தேடிச் சேர்த்த ரகங்கள் போன்றவற்றுக்கு இந்த முறை பெரிய துணை.

புழுதி விதைப்பு, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர்களின் முறை. வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத இடத்தில், கோடை உழவு போட்ட காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். நாற்றங்காலும் இல்லை, நடவுக் கூலியும் இல்லை. பயிர் ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகவே அறுவடைக்கு வரும். முதல் மாதம் தண்ணீர் தேங்காததால் மீத்தேனும் வெகுவாகக் குறையும். ஆனால் நெல்லும் களையும் ஒரே நாளில் முளைக்கின்றன. குதிரைவாலிப் புல்லும் கோரையும் முந்திக்கொண்டால் பயிர் போச்சு. விதைத்த சில நாளில் களைக்கொல்லி அடிப்பதுதான் இன்றைய நடைமுறை. நீரைக் காப்பாற்ற மண்ணில் மருந்தை ஏற்றுகிறோம் என்பது என்னை உறுத்துகிறது. கோடை உழவைச் சரியாகச் செய்தால் களையில் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

என் பார்வையில், பம்புசெட் வைத்து குறுவை (ஜூனில் தொடங்கும் குறுகிய காலப் பட்டம்) பயிரிடுபவருக்கு நாலாவது வழி ஒன்று இருக்கிறது. நாற்றைப் பாய் போலச் சுருட்டி எடுக்கும்படி வளர்க்கும் பாய் நாற்றங்கால் போட்டு இயந்திரத்தில் நடுவது, பிறகு காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் விடுவது. அதற்குத் தேவையானது ஒரு அடி நீள பிளாஸ்டிக் குழாய். கீழ்ப்பாதியில் துளை போட்டு வயலில் செருகி, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். நட்டு இரண்டு வாரம் ஆன பிறகு, குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மோட்டாரைப் போடலாம். பூக்கும் சமயத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய இந்த முறையில் விளைச்சல் குறையாமல் மீத்தேன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும்.

இவ்வளவு மலிவான குழாய் ஏன் எல்லா வயலிலும் இல்லை? தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயப் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம். தண்ணீரை மிச்சப்படுத்தினாலும் விவசாயி கைக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வராது. இலவச மின்சாரத்தை நிறுத்தச் சொல்லவில்லை, அது தேவை. மிச்சப்படுத்துகிறவருக்கு ஊக்கத்தொகை கொடுங்கள் என்கிறேன். வாய்க்கால் பாசனக்காரர் நிலைமை இன்னும் மோசம். பகுதி பகுதியாக முறை வைத்துத் தண்ணீர் விடும்போது அடுத்த முறை எப்போது என்று தெரியாவிட்டால், வந்த தண்ணீரைத் தேக்கி வைக்காமல் யார் வயலைக் காயவிடுவார்கள்? முறைப்பாசனத் தேதிகளைப் பட்டம் தொடங்கும் முன்பே மடைவாரியாக அறிவித்து, அறிவித்தபடி தண்ணீரும் விட்டால், அந்தக் குழாய் வாய்க்கால் பாசன வயலுக்கும் வந்து சேரும்.