ஸ்டாம்ப் கலெக்‌ஷனுக்கு ஸ்கேனர் வாங்குகிறவர்களே, 18,000 பறிகொடுத்தவன் சொல்கிறேன்

இன்று காலை எனக்கு ஸ்கேனர் விற்ற கடையிலிருந்து ஒரு மின்னஞ்சல். "தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். என் 18,000 அவர்களிடம் இருக்கிறது. எனக்கு உதவாத ஒரு தட்டை டப்பா என் மேசையில் இருக்கிறது. புகார் மட்டும் முடிந்துவிட்டதாம். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், அங்கங்கே கோர்வை தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ், அது இது என்று இழுப்பார்கள், அதற்கெல்லாம் இப்போது தெம்பில்லை. எந்த மாதிரி கடை என்று மட்டும் சொல்கிறேன். சோப்பு முதல் சோபா வரை விற்கிற பெரிய தளம் இல்லை. ஆல்பம், ஸ்டாக்புக் (தபால்தலைகளைப் பட்டைகளில் செருகிவைக்கிற புத்தகம்), மவுன்ட் (தலையைப் பாதுகாக்கிற பிளாஸ்டிக் உறை), ட்வீசர், பெர்ஃபரேஷன் கேஜ் (ஓரத் துளைகளை அளக்கிற அளவுகோல்) என்று சேகரிப்பாளர்களுக்கு வேண்டியதை மட்டுமே விற்கிற இணையக்கடை. கூடவே "தபால்தலைக்கு ஏற்ற ஸ்கேனர்கள்" என்று ஒரு தனிப் பகுதி. அதனால்தான் எரிச்சல் இரட்டிப்பாகிறது. பொதுக்கடைக்காரன் தெரியாமல் சொன்னான் என்றால் விட்டுவிடலாம். இவர்களுக்கு எல்லாம் தெரியும்.

என் தேவை பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. சேகரிப்பு முழுவதையும் ஸ்கேன் செய்து வைக்க வேண்டும். எது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பதிவு வேண்டும், பரிமாற்றம் செய்கிற நண்பர்களுக்கு அனுப்பவும் படம் வேண்டும். ஆனால் ஒவ்வொரு தபால்தலையாக வெளியே எடுத்துக் கண்ணாடியில் வைக்க முடியாது. பாதிக்கு மேல் ஸ்டாக்புக் பட்டைக்குள் இருக்கின்றன. பின்பக்கக் கோந்து கெடாத மிண்ட் (பயன்படுத்தாத) தலைகள் மவுன்ட்டுக்குள் இருக்கின்றன, அவற்றை அடிக்கடி வெளியே எடுக்கவே கூடாது. போதாததற்குப் பழைய உறைகள் வேறு, மடிப்பும் தடிப்புமாக. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே அந்தக் கடையின் சாட்டில் தெளிவாகக் கேட்டேன். இது சிசிடியா, சிஐஎஸ்ஸா? (ஸ்கேனர் சென்சாரில் இரண்டு வகை, வித்தியாசத்தைக் கீழே சொல்கிறேன்.) பட்டைக்குள் இருக்கிற தலை தெளிவாக விழுமா? சாட்டில் இருந்த கடை ஆளின் பதில்:

"சிசிடிதான் சார். நானே கலெக்டர், எனக்குத் தெரியாதா? வீட்டுல இதேதான் வச்சிருக்கேன்."

அதோடு நிறுத்தியிருந்தால்கூட எனக்குச் சந்தேகம் மிச்சம் இருந்திருக்கும். அவன் நிறுத்தவில்லை. என்னென்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டான். விக்டோரியா ராணி காலத்துச் சிவப்பு ஒரு பென்னி தலைகள் கொஞ்சம் இருக்கின்றன என்றேன். உடனே, "அப்போ பிளேட் நம்பர் படிக்கணுமே சார், 77ஆ 177ஆன்னு பார்க்கணுமே" என்றான். விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்தத் தலைகளில் ஒரு வகைக்கு இரு பக்க ஓரத்திலும் உள்ள கோலத்துக்குள் அச்சுத் தகட்டின் எண் பொடிப்பொடியாகச் செதுக்கியிருக்கும். 77ஆம் தகட்டில் அச்சான தலை உலகத்திலேயே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். 177 சர்வசாதாரணம். அந்த முதல் 1-ஐச் சுரண்டிவிட்டு 77 என்று தள்ளிவிடுகிற திருட்டு வேலை நெடுங்காலமாக நடக்கிறது. இதைத் தானாகவே எடுத்துப் பேசுகிற ஒருவனை நம்பாமல் எப்படி இருப்பது?

அப்புறம் ஒரு மாதிரிப் படம் அனுப்பினான். "இதே மெஷின்ல எடுத்தது சார், மவுன்ட்டோட." பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்புத் தலை, பின்னால் கறுப்பு. துளையிட்ட ஓரத்தின் ஒவ்வொரு பல்லின் நுனியிலும் கிழிந்த காகிதத்தின் நார் தனித்தனியாக நிற்கிறது. ஓரக் கோலத்துக்குள் 1, 7, 7 மூன்றும் பளிச்சென்று தெரிகின்றன. முத்திரை மை சிவப்பின் மேல் படர்ந்த இடத்தில்கூட இரண்டு நிறமும் கலங்காமல் பிரிந்து நிற்கின்றன. அன்று இரவே 18,000 கட்டினேன்.

பெட்டி வந்தது. கையில் வாங்கியதுமே வயிற்றில் ஏதோ புரண்டது, அவ்வளவு லேசு. திறந்தால் உள்ளே மெல்லிய தட்டு, ஒரே ஒரு யூஎஸ்பி வயர். மின்சாரத்துக்குத் தனி அடாப்டர் இல்லை. ஸ்கேனர் பற்றிக் கொஞ்சம் படித்தவர்களுக்கு இது போதும், அச்சு அசல் சிஐஎஸ்.

வித்தியாசம் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிசிடி ஸ்கேனரில் ஒளி சில கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, ஒரு லென்ஸ் வழியாகச் சின்ன சென்சாரில் விழும். அதற்கு இடம் வேண்டும், அதனால் பெட்டி தடிமனாக இருக்கும். ஆனால் கண்ணாடியைவிட்டுச் சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கிற பொருளும் தெளிவாக விழும். சிஐஎஸ்ஸில் சென்சார் கண்ணாடிக்கு நேர் கீழே, பொருளின் அகலம் முழுக்க ஓடுகிறது. கண்ணாடியை ஒட்டிப் படிந்திருப்பது மட்டும்தான் கூர்மை. கொஞ்சம் எழும்பினாலும் மங்கல். ரசீதும் மார்க்‌ஷீட்டும் ஸ்கேன் செய்ய அது தாராளம். தனியாக எடுத்துத் தட்டையாக வைத்த தலைகூட அதில் ஓரளவு நன்றாகவே விழும், அதை நான் மறுக்கவில்லை. நான் கேட்டது அது இல்லையே!

ஆனாலும் நிதானமாகச் சோதித்துப் பார்த்தேன். ஸ்டாக்புக் பக்கத்தைக் கவிழ்த்து வைத்து ஸ்கேன் செய்தால், ஈரம் படிந்த ஜன்னல் வழியே பார்ப்பதுபோல இருக்கிறது. பல் எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ஒரு ஸ்கேலை எடுத்து ஒரு முனை கண்ணாடியிலும் மறுமுனை சின்ன அட்டையின் மேலுமாகச் சாய்த்து வைத்து ஸ்கேன் செய்தேன். கண்ணாடியில் பட்ட முனையில் கோடுகள் துல்லியம். சரிவு ஏற ஏறக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் பட்டையாகிவிட்டன. ஒரு நாணயத்தை வைத்தேன், விளிம்பு தெரிந்தது, முகத்தின் பள்ளமெல்லாம் இருட்டு. உறையின் மேல் ஒட்டிய தலையில் முத்திரைத் தேதியின் பாதி படிக்கிற மாதிரி இல்லை. இதற்கு 18,000.

இனி அவர்கள் தட்டிக்கழித்த லட்சணத்தைக் கேளுங்கள்.

முதலில் அதே "கலெக்டர்" நண்பன். "டிபிஐ கூட்டி வைங்க சார், 4800 இருக்கே" என்றான். டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. மங்கலாக விழுகிற படத்தை 4800இல் எடுத்தால் பெரிய மங்கல் கிடைக்கும், வேறென்ன? இரண்டரைக்கு மூன்று சென்டிமீட்டர் தலையை 4800இல் டிஃப் கோப்பாக எடுத்தால் ஒரு தலைக்கே 80 எம்பி வருகிறது. தலை ஸ்கேன் செய்ய அவ்வளவு தேவையே இல்லை. பெர்ஃபரேஷன் அளவு என்பது 2 சென்டிமீட்டருக்குள் எத்தனை துளை என்ற கணக்குதானே? 600 டிபிஐயில் அந்த 2 சென்டிமீட்டர் 472 பிக்சல். பெர்ஃப் 14 என்றால் ஒரு பல்லுக்கு 34 பிக்சல் சுமாராகக் கிடைக்கிறது, 15 என்றால் 31. படம் கூர்மையாக இருந்தால் பிரித்தறிய இது தாராளம். பிளேட் எண் மாதிரி நுணுக்கத்துக்கு 1200 போதும். இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். பதில், "டிரைவரை மறுபடி இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க சார்."

டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். பிறகு, கண்ணாடியைத் துடைக்கச் சொன்னான். துடைத்தேன். பிறகு, தலைகளை வெளியே எடுத்து வைக்கச் சொன்னான்! மவுன்ட்டோடு விழும் என்று சொன்னவனே அவன்தான். அதை அவன் எழுதிய வார்த்தையிலேயே எடுத்துக் காட்டியதும் ஆள் மாயம். அடுத்த முறை சாட்டைத் திறந்தால் வேறொரு பெயர், "வணக்கம் வாடிக்கையாளரே, உங்கள் பிரச்சினை என்ன?" என்று முதலிலிருந்து தொடங்குகிறது. மறுபடி முழுக்கதையும் சொன்னேன். "தங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறோம்." புரிந்துகொண்டு என்ன செய்வீர்கள்? "தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்."

தொழில்நுட்பப் பிரிவு என்ற ஒன்று இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். அங்கிருந்து வந்த பதில் இதுதான்: பொருள் இயங்குகிறது, ஆகவே பழுது இல்லை. பெட்டி திறக்கப்பட்டுவிட்டது, ஆகவே திருப்பி எடுக்க இயலாது. திறக்காமல் எப்படி ஐயா உள்ளே சிஐஎஸ் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது? பழுது என்று நான் எங்கே சொன்னேன்? சொன்ன பொருள் ஒன்று, அனுப்பிய பொருள் வேறு என்கிறேன். 18,000 சிசிடிக்குக் கொடுத்தது. போனில் பேசிய ஒரு அம்மாள் கடைசியில், "சாதாரண உபயோகத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது சார்" என்றார். சாதாரண உபயோகத்துக்கென்றால் நான் ஏன் சேகரிப்பாளர் கடைக்கு வருகிறேன்?

உச்சம் இனிமேல்தான். அந்த மாதிரிப் படம் என்னிடம் பத்திரமாக இருந்தது. கோப்பின் பண்புகளைத் திறந்து பார்த்தேன். ஸ்கேனர் மென்பொருள்கள் பல நேரம் தயாரிப்பாளர் பெயரையும் மாடலையும் படத்துக்குள்ளேயே எழுதிவைக்கும். இதிலும் இருந்தது. எனக்கு விற்ற மாடல் இல்லை. பிலிம்கூட ஸ்கேன் செய்கிற, தடித்த, அசல் சிசிடி மாடல் ஒன்றின் பெயர். "இதே மெஷின்ல எடுத்தது சார்." வேறு மெஷினில் எடுத்த படத்தைக் காட்டி இதை என் தலையில் கட்டியிருக்கிறான். இதையும் அனுப்பினேன். இந்த ஒன்றுக்கு மட்டும் இன்றுவரை எந்தப் பதிலும் இல்லை.

பொருளின் விற்பனைப் பக்கத்துக்குப் போனால், நான் வாங்கும்போது இருந்த "சிசிடி" என்ற சொல்லைக் காணோம். "உயர்தர சென்சார்" என்று மாற்றிவிட்டார்கள். நல்லவேளை, அப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தேன், சாட்டும் முழுதாக இருக்கிறது. இரண்டையும் கார்டு கொடுத்த வங்கிக்கு அனுப்பியாயிற்று. 18,000 திரும்பி வருமா, வராதா, அது அவர்கள் கையில்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நிறத்தைச் சரிசெய்ய ஐடி8 அட்டை, ஐசிசி புரொஃபைல் என்று நிறைய இருக்கிறது. இப்போது அதற்கெல்லாம் பொறுமை இல்லை. அவசரத்துக்குச் சில மட்டும்.

டிபிஐ எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுகிற பெரிய எண் பல நேரம் மென்பொருள் இட்டு நிரப்புவது, ஆப்டிக்கல், அதாவது சென்சார் உண்மையில் எடுப்பது, எவ்வளவு என்று கேளுங்கள். சென்சார் எது என்பதைக் கடைக்காரன் வாயால் கேட்காமல், தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். எப்சன் வி600 சிசிடி, அதே நிறுவனத்தின் வி39 சிஐஎஸ், கேனானின் லைட் (LiDE) வரிசையும் சிஐஎஸ். அவர்கள் இதை ஒளிக்கவில்லை, நடுவில் விற்கிறவன்தான் ஒளிக்கிறான். மாதிரிப் படம் அனுப்பினால் முதல் வேலையாக அதன் பண்புகளைத் திறந்து மாடல் பெயரைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் அழிந்துபோகும், கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள், அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள். விற்பனைப் பக்கம், சாட் இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். ஸ்கேனில் வாட்டர்மார்க்கும் (தலையின் காகிதத்துக்குள்ளேயே இருக்கிற நீர்க்குறி) தெரியும் என்று எவனாவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள், அதற்குத் தலையைக் கறுப்புத் தட்டில் வைத்துத் திரவம் விட்டுப் பார்ப்பதுதான் வழி.

பெட்டி வந்ததும் வீடியோ எடுத்துக்கொண்டே திறங்கள். மெல்லிசாக, அடாப்டர் இல்லாமல், வெறும் யூஎஸ்பி வயரோடு இருந்தால், கண்ணாடி மேல் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக்கைக்கூட உரிக்காமல் அப்படியே மூடித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.