சிக்னல்: ஐந்தாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்தது. பிப்ரவரி 8-ஆம் தேதிக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கெடு வைத்தது பலரையும் எரிச்சலூட்டியது. எதிர்ப்பு வலுத்ததும் அந்தக் கெடு மே 15-க்குத் தள்ளிப்போனது. அந்த நாட்களில், வாட்ஸ்அப்பைப் போலவே செய்தியும் அழைப்பும் அனுப்ப உதவும் சிக்னல் செயலிக்குப் படையெடுத்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. கூட்டம் தாங்காமல் ஜனவரி 15 அன்று சிக்னலின் சர்வர்களே முடங்கிப்போயின. என் தொடர்பில் இருந்து அப்போது வந்து சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வந்த வழியே திரும்பிவிட்டார்கள். நான் தங்கிவிட்டேன். இன்றும் வீட்டுப் பேச்சுக்கும் அலுவலக வேலையின் ஒரு பகுதிக்கும் அதுதான்.

திருச்சியில் வருமான வரி, ஜிஎஸ்டி கணக்குகளைத் தாக்கல் செய்து தரும் சிறிய அலுவலகம் நடத்துகிறேன். அடுத்தவர்களின் பான் அட்டை, ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் என் கை வழியாகப் போகின்றன. அதனால் எந்தச் செயலியில் எதை அனுப்புகிறோம் என்பது எனக்குத் தொழில் சார்ந்த கேள்வி.

முதலில், எல்லோரும் கேட்கும் கேள்வி. வாட்ஸ்அப்பிலும் குறியாக்கம் இருக்கிறதே, பிறகு எதற்கு இன்னொன்று? நியாயமான கேள்விதான். அனுப்பியவருக்கும் பெறுபவருக்கும் தவிர வேறு யாருக்கும் செய்தி புரியாதபடி பூட்டும் முறையை வாட்ஸ்அப் 2016-இல் முழுமையாகக் கொண்டுவந்தது. அந்தப் பூட்டைச் செய்தவர்கள் சிக்னல்காரர்களேதான். ஆக, செய்தியின் உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே பூட்டு. வித்தியாசம் உறையின் மேலே எழுதியிருப்பதில் இருக்கிறது. யார், யாரிடம், எந்த நேரத்தில், எத்தனை முறை பேசினார்கள் என்ற விவரம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது என் தொழிலில் இருப்பவர்களுக்கு உடனே விளங்கும். ஒருவருடைய ஓராண்டு வங்கிப் பரிவர்த்தனைப் பட்டியலை என்னிடம் கொடுங்கள். அதில் ஒரு வாக்கியம்கூட இருக்காது. தேதி, பெயர், தொகை, அவ்வளவுதான். ஆனால் எந்த மாதம் எந்த மருத்துவமனைக்குப் பணம் போயிற்று, எப்போது நகையை அடகு வைத்தார், எந்தப் பள்ளிக்குக் கட்டணம் கட்டினார், எந்த மாதத்திலிருந்து சம்பளம் வரவில்லை என்று அந்தக் குடும்பத்தின் கதை முழுவதும் அதில் எழுதியிருக்கும். பேச்சை ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை. யார் யாரோடு என்ற பட்டியல் போதும்.

சிக்னல் அந்தப் பட்டியலை வைத்துக்கொள்வதில்லை. இதை அவர்கள் சொல்வதை நம்பி நான் எழுதவில்லை. 2016-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள மத்திய (ஃபெடரல்) நீதிமன்றம் ஒன்றின் வழியாக, பயனர்களின் விவரங்களைக் கேட்டு அவர்களுக்கு உத்தரவு வந்தது. அவர்களால் கொடுக்க முடிந்தவை இரண்டே இரண்டு: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைப்பில் வந்த நாள். பெயர் இல்லை, தொடர்புப் பட்டியல் இல்லை, குழுக்களின் விவரம் இல்லை. கையில் இல்லாததை எந்த நீதிமன்றமும் எந்தத் திருடனும் வாங்க முடியாது. கணக்கு வழக்கோடு காலம் தள்ளும் எனக்கு இந்த ஒரு செய்திதான் நம்பிக்கை கொடுத்தது.

இனி அன்றாடப் பயன்பாடு. அம்மா லால்குடிப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார், தம்பி சிங்கப்பூரில். மூன்று பேருக்கும் ஒரு குழு. அம்மாவைப் பழக்குவது கடினமாக இருக்கும் என்று தம்பி தயங்கினான். "அவர்களுக்கு எதற்கு அக்கா இந்தத் தொல்லை?" என்றான். தொல்லையே இல்லாமல் போனது. அம்மா தட்டச்சு செய்வதில்லை, பேசித்தான் அனுப்புவார். ஒலிப்பதிவு பட்டன் இருந்த இடத்தில் இருக்கிறதா என்பது மட்டுமே அவருடைய கேள்வி. இருந்தது. அழைப்புகளின் ஒலித்தரம் நன்றாக இருக்கிறது. கிராமத்தில் கைபேசிக் கோபுரம் சோர்ந்து கிடக்கும் மாலை நேரங்களில் வீடியோ திணறும், அதைச் செயலியின் குறை என்று சொல்லமாட்டேன். அம்மாவுக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. விளம்பரம் இல்லை, தெரியாதவர் குழுவில் சேர்த்து அனுப்பும் வதந்தி இல்லை. "இதில் நீங்கள் இரண்டு பேர்தான் வருகிறீர்கள்" என்று நிம்மதியாகச் சொல்வார்.

அலுவலகத்தில் கதை வேறு. வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பை விட்டு வரமாட்டார்கள். வரச் சொல்லி நான் யாரையும் கட்டாயப்படுத்துவதும் இல்லை. தெருச் சங்கம், பிள்ளைகளின் பள்ளிக் குழு, எரிவாயு முன்பதிவு என்று எல்லாமே அங்கே இருக்கும்போது தனி ஆள் வெளியேறி என்ன செய்வது? ஆனால் ஆதாரும் வங்கிக் கணக்கு விவரமும் அனுப்புவதாக இருந்தால் சிக்னலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொண்டுவாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் சிரித்தார். "நான் மறைக்க என்ன இருக்கிறது மேடம்?"

அவருக்கு நான் பக்கத்து ஜெராக்ஸ் கடையைக் காட்டினேன். தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் காட்சி உண்டு. கடையின் வாட்ஸ்அப் எண் சுவரில் பெரிதாக ஒட்டியிருக்கும். பிரிண்ட் வேண்டுமா, அந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டும். கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப் காலையிலிருந்து திறந்தே கிடக்கும். என் முறைக்காகக் காத்து நிற்கும்போது திரையைப் பார்க்கிறேன்: யாரோ ஒருவரின் ஆதார், ஒரு பெண்ணின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், வாடகை ஒப்பந்தம், ஒரு ஜாதகம், ஸ்கேன் அறிக்கை. பதிவிறக்கக் கோப்புறையில் எத்தனை மாதத்துக் கோப்புகள் என்று எண்ணிப் பார்க்கவே முடியாது. கடைப் பையன் நல்லவன். யாருடைய நகலையும் அவன் தவறாகப் பயன்படுத்தமாட்டான். அழிக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். அந்தக் கணினியை நாளை பழுது பார்க்கக் கொடுத்தால், விற்றால், அத்தனையும் கூடவே போகும். பெரியவர் திரையைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. மறைப்பதற்கும் காப்பதற்கும் உள்ள தூரம் அவருக்கு அங்கே புரிந்துபோனது.

2022 மே மாதக் கடைசியில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள் என்று எச்சரித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று சொல்லி இரண்டே நாளில் அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எச்சரிக்கை நல்ல எச்சரிக்கை. திரும்பப் பெற்றது எனக்கு இன்றும் வருத்தம்.

சிக்னலில் எனக்கு அதிகம் கைகொடுப்பது, செய்திகள் குறித்த காலத்தில் தாமாகவே அழியும் வசதி. வாடிக்கையாளரோடு உரையாடல் தொடங்கும்போதே ஒரு வாரம் என்று வைத்துவிடுகிறேன். வேண்டிய ஆவணத்தை என் அலுவலகக் கணினியில் பூட்டிய கோப்புறையில் சேமித்துக்கொள்வேன். உரையாடலில் இருப்பது இரு பக்கமும் தானாகப் போய்விடும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. எதிராளி திரையைப் படம்பிடித்து வைத்துக்கொண்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. நம்பகமானவர்கள் இருவருக்கு இடையில் குப்பை சேராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். பெரிய குறை, காப்புப்பிரதி (பேக்கப்). ஆண்ட்ராய்டில் பல ஆண்டுகளாக இருந்தது ஒரே வழி: கைபேசிக்குள்ளேயே ஒரு கோப்பு உருவாகும், அதைத் திறக்க 30 இலக்க எண் வேண்டும். கைபேசி தொலைந்தால் கோப்பும் தொலைந்தது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுகிறவர்களுக்குப் பழைய செய்திகளைக் கொண்டுபோக வழியே இல்லாமல் இருந்தது. புதிதாக இணைக்கும் கணினியில் பழைய உரையாடல் தெரியும் வசதிகூட 2025 ஜனவரியில்தான் வந்தது. பிறகு அதே ஆண்டு செப்டம்பரில் சர்வரில் வைக்கும் காப்புப்பிரதி முதலில் ஆண்ட்ராய்டில் வெள்ளோட்டமாக வந்தது. அதன் சாவி 64 எழுத்து நீளம், தொலைத்தால் சிக்னலாலேயே மீட்டுத்தர முடியாது. ரகசியத்தைக் காக்க வேண்டுமானால் அப்படித்தான் இருக்க முடியும் என்பதை ஏற்கிறேன். ஆனாலும் பேரன் பேத்தியின் ஒலிப்பதிவுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள நினைக்கும் ஒரு பாட்டியிடம் 64 எழுத்தைக் கொடுத்து எழுதிவைத்துக்கொள் என்று சொல்வது நியாயமா? வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டால்தான் ஆகும். எங்கள் வீட்டில் அது என் வேலை.

இன்னொன்று, கைபேசி எண் இல்லாமல் கணக்குத் தொடங்க முடியாது. 2024 பிப்ரவரியில் பயனர் பெயர் வசதி வந்தபிறகு எண்ணை எதிராளியிடமிருந்து மறைக்க முடிகிறது. வாடகைக்கு வீடு பார்க்கும் பெண்கள், பழைய பொருள் விற்பவர்கள் எல்லாம் அவசியம் பயன்படுத்த வேண்டிய வசதி இது. ஆனால் பதிவு செய்ய மட்டும் இன்றும் எண் வேண்டும்.

நான் இந்தச் செயலியைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் வேறு. நம்மிடம் விவரம் கேட்கும் ஒவ்வொருவரும் "இது இல்லாமல் நடத்த முடியாது" என்றுதான் சொல்கிறார்கள். துணிக்கடையில் ஒரு கைக்குட்டை வாங்கினாலும் பில் போடுமிடத்தில் கைபேசி எண் கேட்கிறார்கள். எண் தராவிட்டால் கணினி பில்லை ஏற்காது என்கிறார்கள். எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது. டார்ச் விளக்குச் செயலி தொடர்புப் பட்டியலைக் கேட்கிறது. கோடிக்கணக்கானவர்களின் செய்தியையும் அழைப்பையும் கொண்டுசேர்க்கும் ஒரு நிறுவனம் இரண்டு தேதிகளை மட்டும் வைத்துக்கொண்டு நடக்கிறது என்றால், கைக்குட்டை விற்க என் எண் எதற்கு? விவரம் சேகரிப்பது அவர்களுடைய விருப்பம். தேவை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சிக்னலை ஐந்தாண்டு பயன்படுத்தியதில் எனக்குக் கிடைத்த பெரிய பலன், இதைத் தயங்காமல் கேட்கும் துணிச்சல்தான். எண் தரமாட்டேன் என்று அமைதியாகச் சொல்லி நின்றால், பெரும்பாலும் கணினி பில்லை ஏற்றுக்கொள்கிறது.

விவரம் சேகரிக்காமல் சேவை நடத்துவதற்கு விலை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. ஃபேஸ்புக் 2014-இல் 1,900 கோடி டாலர் கொடுத்து வாங்க ஒப்புக்கொண்ட வாட்ஸ்அப்பின் நிறுவனர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன், பின்னர் அங்கிருந்து வெளியேறி, 2018-இல் 5 கோடி டாலர் போட்டு சிக்னல் அறக்கட்டளையைத் தொடங்க உதவினார். 2025-க்குள் ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டாலர் செலவாகும் என்று சிக்னலே 2023-இல் கணக்கு வெளியிட்டது. கைபேசி எண்ணைச் சரிபார்க்க அனுப்பும் குறுஞ்செய்திக்கு மட்டும் அப்போதே ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் டாலர். விளம்பரமில்லாத இந்தச் சேவையின் செலவைப் பயன்படுத்துகிறவர்கள் நன்கொடையாகத் தாங்க வேண்டும். வாய்ப்புள்ளவர்கள் தரவேண்டும் என்று நினைக்கிறேன்.

நம் ஊர்ச் செயலி இருக்கிறதே என்று 2025 அக்டோபரில் பலர் கேட்டார்கள். ஜோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' செயலி மீது எனக்குப் பிரியம் உண்டு. தமிழ்ப் பெயரோடு ஒரு செயலி நாடு முழுவதும் பேசப்பட்டதில் மகிழ்ச்சியும் உண்டு. ஆனால் அந்த அலை அடித்த நேரத்தில் அதன் அழைப்புகளுக்குத்தான் முழுக் குறியாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. வாடிக்கையாளரின் ஆவணத்தை வைத்துக்கொண்டு ஊர்ப்பாசத்தால் முடிவெடுக்க என்னால் இயலாது.

சட்டப் பக்கம் நிலைமை மெதுவாக நகர்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்டில். தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 2023-இல், விதிகள் 2025 நவம்பரில். நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதற்கும் 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். அதே 2025 நவம்பரில், மோசடிகளைத் தடுப்பதற்காக என்று சொல்லி, வாட்ஸ்அப், சிக்னல் உள்ளிட்ட செயலிகள் பதிவு செய்த சிம் கைபேசியில் இருந்தால்தான் இயங்க வேண்டும், வெப் இணைப்பு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை துண்டிக்கப்பட வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. மோசடிக்காரர்களால் பணம் இழந்தவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே இருக்கிறார்கள். அரசின் கவலை பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்திய எண்ணில் கணக்கு வைத்துக்கொண்டு, சிங்கப்பூர் சிம் போட்ட கைபேசியில் அம்மாவோடு பேசும் என் தம்பியைப் போன்றவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்கும் பதில் சொல்லும் விதத்தில் அந்த உத்தரவு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் வாட்ஸ்அப்பை அழித்துவிட்டு வர வேண்டாம். வீட்டில் நெருங்கிய மூன்று நான்கு பேரோடு ஆரம்பியுங்கள். முதல் நாளே அமைப்புகளில் எண்ணை யார் பார்க்கலாம் என்பதை 'யாரும் வேண்டாம்' என்று மாற்றுங்கள், உங்கள் எண்ணில் வேறொருவர் கணக்குத் தொடங்காமல் தடுக்கும் பதிவுப் பூட்டைப் போடுங்கள், அதற்கான ரகசிய எண்ணையும் (PIN) காப்புப்பிரதிச் சாவியையும் காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள். கைபேசியில் படமெடுத்து மட்டும் வைக்காதீர்கள்.