பழைய மடக்குக்கூரை கார்: எம்எக்ஸ்-5, எம்ஆர்2, எம்ஜி டிஎஃப் மூன்றில் எதை வாங்கலாம்?

கூரையை மடக்கிவிட்டு ஓட்டக்கூடிய சின்ன கார் ஒன்று வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. லண்டனின் வடமேற்கு ஓரத்தில், ஹாரோவில் குடியிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அக்டோபரில் ஆசை நிறைவேறியது. 2009-இல் பதிவான மாஸ்டா எம்எக்ஸ்-5, மூன்றாம் தலைமுறை, 1.8 லிட்டர் இன்ஜின், ஐந்து கியர், 78,000 மைல் ஓடியது. விலை 3,200 பவுண்டு. அதற்கு முன் ஏழு வாரம் சனி, ஞாயிறு எல்லாம் கார் பார்ப்பதிலேயே போனது. டொயோட்டா எம்ஆர்2 ரோட்ஸ்டர், எம்ஜி டிஎஃப், எம்எக்ஸ்-5-இன் இரண்டாம் தலைமுறை மூன்றையும் பார்த்தேன், ஓட்டினேன், தரையில் படுத்து அடியிலும் பார்த்தேன்.

மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5 பக்கம்தான் என் மனம் சாய்கிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் பொதுவான விஷயங்களில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். எல்லாமே இரண்டு சீட்டு, பின்சக்கரத்தில் இழுவை. ஓட்டுவதற்கு எதுவும் சோடை இல்லை. குழந்தை இருக்கும் வீட்டில் இது இரண்டாவது காராக மட்டுமே இருக்க முடியும். லண்டனுக்குள் ஓட்டுபவர்களுக்கு, அதிகப் புகை விடும் வண்டிகளுக்கு விதிக்கும் யூலெஸ் கட்டணம் ஒரு தலைவலி. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா வட்டாரங்களுக்கும் அது வந்துவிட்டது. விதிக்குள் வராத கார் என்றால் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. பெட்ரோல் கார் பொதுவாக யூரோ 4 என்னும் புகைத் தரத்தில் இருக்க வேண்டும், அதாவது பெரும்பாலும் 2006-க்குப் பிறகு வந்தவை. அதற்கு முந்தைய சிலவும் தேறிவிடும் என்பதால், பார்க்கப் போகும் காரின் பதிவு எண்ணை லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் அடித்துப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். நான் பார்த்த பட்டியலில் பாதி இந்த ஒரு சோதனையிலேயே போய்விட்டது.

எம்ஜி டிஎஃப்தான் விலையில் மலிவு. 2002-இல் வந்த கார். அதற்கு முந்தைய எம்ஜிஎஃப்-இல் வாயுவும் திரவமும் சேர்ந்த ஹைட்ராகேஸ் சஸ்பென்ஷன் இருந்தது. டிஎஃப்-இல் அதை எடுத்துவிட்டு வழக்கமான ஸ்பிரிங் வைத்தார்கள். பழையதாக வாங்குபவருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் இன்ஜின் அதே கே-சீரிஸ்தான், அதன் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு, அடிக்கடி போகும் பிரச்சினை ஊரறிந்தது. இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், ரேடியேட்டர் காரின் மூக்கில். நடுவே, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடும் குழாய்கள் காரின் அடிவயிற்றில் நீளமாக ஓடுகின்றன. குழாய் துருப்பிடித்து ஒழுகினாலோ, கூலன்ட் மாற்றும்போது உள்ளே காற்று தங்கிவிட்டாலோ இன்ஜின் சூடேறும், கேஸ்கெட் போகும். பல அடுக்கு எஃகு கேஸ்கெட் போட்டு ஒழுங்காக வேலை செய்த ரசீது இருந்தால் அந்தக் காரை நம்பலாம் என்பார்கள் இதில் ஊறியவர்கள். எண்ணெய் மூடியைத் திறந்து உள்பக்கம் மோர் நிறத்தில் குழம்பி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வெறும் ஈரத்தாலும் அப்படி ஆகும், ஆனால் கூலன்ட் அளவும் குறைந்திருந்தால் திரும்பி வந்துவிடுவது நல்லது. கையில் தொழில் தெரிந்தவர்களுக்கு இது நல்ல கார். எனக்கு அந்தக் கை கிடையாது.

எம்ஆர்2-வை விட்டது எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான். ஒரு டன்னுக்கும் குறைவான எடை, நடுவில் 1.8 லிட்டர் இன்ஜின், 140 குதிரைத் திறன். ஒரு மாலை முழுக்க ஓட்டினேன். வளைவில் திரும்பும்போது கார் நம் இடுப்பைச் சுற்றிச் சுழல்கிற மாதிரி இருக்கிறது. பின்கண்ணாடி நிஜக் கண்ணாடி. ஆனால் பூட் என்று சொல்ல ஒன்றும் இல்லை. முன்மூடியைத் திறந்தால் ஸ்டெப்னி, சீட்டுக்குப் பின்னால் பூட்டக்கூடிய சின்னப் பெட்டி, அவ்வளவுதான். ஒரு வாரத்துக்கு மளிகை வாங்கினால் அரிசி மூட்டை பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு வர வேண்டும். இன்ஜினில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஆரம்ப வருடக் கார்கள் எண்ணெய் குடிக்கும். அப்புறம் இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள் இருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் முன் கேட்டலிஸ்ட் நாளாக ஆக உதிர்ந்து, அந்தப் பீங்கான் பொடி இன்ஜினுக்குள்ளேயே இழுக்கப்படலாம். அப்படி ஆனால் இன்ஜின் முடிந்தது. 2003-க்குப் பிறகு வந்த, ஆறு கியர் உள்ள கார்களைத் தேடுவது பாதுகாப்பு. ஒரு மாலை ஓட்டியதை வைத்துக்கொண்டு இதற்கு மேல் தீர்ப்புச் சொல்வது சரியில்லை.

இனி என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். இன்ஜின் கெட்டால் வேறு இன்ஜின் வாங்கி வைக்கலாம். இந்த விலைக் காரில் உடல்தகடு போய்விட்டால் வெல்டிங் கூலி காரின் விலையைத் தாண்டிவிடும். மடக்குக்கூரை காரில் அந்தத் தகட்டைத் தின்பது பெரும்பாலும் மழைத்தண்ணீர்தான்.

சாதாரண காரில் மழை இரும்புக் கூரையில் வழிந்து வெளியே போய்விடும். எம்எக்ஸ்-5-இல் அப்படி இல்லை. கூரைத் துணி முடிகிற இடத்தில், சீட்டுகளுக்குப் பின்னால், வாய்க்கால் போல ஒரு பள்ளம் இருக்கிறது. துணியில் வழியும் தண்ணீர் அதில் விழுந்து, இரண்டு ஓரங்களிலும் உள்ள துளையில் இறங்கி, கதவுக்குப் பின்னால் உடலுக்குள் மறைந்திருக்கும் குழாய் வழியே ஓடி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் சொட்ட வேண்டும். கும்பகோணத்தில் நான் வளர்ந்த வீட்டில் முற்றத்து மூலையில் தூம்பு ஒன்று உண்டு. ஐப்பசி மழைக்கு முன்பே பாட்டி ஈர்க்குச்சிகளோடு உட்கார்ந்து அதில் அடைத்த வேப்பிலையை எல்லாம் குத்தி எடுத்துவிடுவார். ஒரு வருடம் அவர் ஊரில் இல்லை. முற்றம் நிரம்பித் தண்ணீர் தாழ்வாரத்தில் ஏறிவிட்டது. காரில் இருப்பதும் அதே தூம்புதான். மரத்தடியில் நிற்கும் காரில் இலையும் மண்ணும் சேர்ந்து அது அடைத்துக்கொள்கிறது. பள்ளம் நிரம்பினால் தண்ணீர் கார்ப்பெட்டுக்குள் இறங்குகிறது, அல்லது கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற சில் பகுதிக்குள் போய்த் தேங்குகிறது. சில் உள்ளேயிருந்து அரிக்க ஆரம்பிக்கும். வெளியே பெயின்ட் கொப்புளிக்கும்போது உள்தகடு பெரும்பாலும் போயிருக்கும். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு வெளிப்பக்கத்து வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இங்கே வருடாந்திர எம்ஓடி சோதனையில் சஸ்பென்ஷன், சீட் பெல்ட் பொருத்திய இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு பலவீனமாக அரித்திருந்தால் கார் தோற்றுவிடும். சில்லின் பின்முனை அந்த எல்லைக்குள் வருகிறது. பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் செல்லாது. புதுத்தகடு வைத்துத் தொடர்ச்சியாக வெல்டிங் செய்தாக வேண்டும்.

1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5-ஐ நான் வாங்காமல் போனதற்குக் காரணம் இதுதான். ஓட்டுவதற்கு அது மூன்றாம் தலைமுறையைவிடத் துடியான கார், எடையும் குறைவு. ஆனால் அதில் சில் மட்டும் அல்ல, காரின் உடலைத் தாங்கும் முன்பக்கத்து உத்தரமான சேசிஸ் ரெயிலும் அரிக்கிறது. அடித்தட்டை ஒட்டி மறைந்திருப்பதால் நின்றபடி பார்த்தால் தெரியாது. ஒரு காரைப் பார்க்க எழுபது மைல் போனேன். 1,900 பவுண்டு, அழகான நீலம், சில்லில் புதிதாகக் கறுப்புப் பெயின்ட். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிச் சில்லில் வைத்துக்கொண்டே போனேன். பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் காந்தம் பிடிக்காமல் கையோடு வந்தது. உள்ளே பட்டிதான். அங்கேயே நின்று அரசாங்கத் தளத்தில் அந்தக் காரின் எம்ஓடி வரலாற்றை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருடமாக சில்லில் துரு என்று எச்சரிக்கை எழுதியிருந்தார்கள், அந்த வருடம் ஒன்றும் எழுதவில்லை. துருவைச் சரிசெய்த ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். விற்பவர் பேச்சை மாற்றினார். திரும்பிவிட்டேன். போவதற்கு முன்பே அந்த வரலாற்றைப் படித்திருந்தால் எழுபது மைல் மிச்சம். பதிவு எண் இருந்தால் போதும், இலவசம்.

மூன்றாம் தலைமுறையும் துருப்பிடிக்காத கார் அல்ல. பின்சக்கர வளைவு, சில்லின் முனை, முன்பக்கத்து சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேம் மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் வயது குறைவு என்பதால் அரிப்பு முற்றுவதற்கு முன்பே பிடிக்க வாய்ப்பு அதிகம். இரண்டாம் தலைமுறையில் இருந்த டைமிங் பெல்ட் இதில் கிடையாது, செயின்தான். கூரை கையால் மடக்குவது. சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் பின்னால் தள்ளிவிடலாம், மேலே தனி உறை போடவும் வேண்டாம். மோட்டார் இல்லாததால் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. இன்ஜின் 126 குதிரைத் திறன். 160 உள்ள 2.0 லிட்டர் கார் கிடைத்து, உடல் சுத்தமாக இருந்தால் அதையே எடுங்கள். 2.0-இன் உடல் சந்தேகமாகவும் 1.8-இன் உடல் சுத்தமாகவும் இருந்தால் யோசிக்காமல் 1.8.

பார்க்கப் போகும்போது அரைக் குவளைத் தண்ணீர் எடுத்துப் போங்கள். விற்பவரிடம் சொல்லிவிட்டு, கூரையைப் பாதி தூக்கி, அந்தப் பள்ளத்தில் ஒவ்வொரு ஓரத்திலும் மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் கீழே சொட்ட வேண்டும். தேங்கி நின்றால் சில்லை இரண்டு மடங்கு கவனத்தோடு பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டை அழுத்திப் பாருங்கள், மூக்கை வைத்து முகரவும் செய்யுங்கள். புழுங்கிய வாடை பொய் சொல்லாது. இலையுதிர்காலத்தில் வாங்குவது இதற்காகவும் நல்லது. விலை இறங்கியிருக்கும், மழையும் நமக்காகச் சோதனை செய்து வைத்திருக்கும்.

நான் வாங்கிய காரில் வலது தூம்பு சரியாக ஓடியது, இடது பக்கம் மெல்லத்தான் இறங்கியது. சில் கெட்டியாக இருந்ததால் எடுத்தேன். முதல் பெருமழையில் பக்கத்து சீட்டின் பின்னால் கார்ப்பெட் நனைந்துவிட்டது. கம்பியை விட்டுக் குத்தினால் குழாய் கிழியும் என்று எச்சரித்திருந்தார்கள். அதனால் புல் வெட்டும் டிரிம்மரில் போடுகிற நைலான் நரம்பை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சுழற்றினேன். கறுப்புச் சேறாக இலை மக்கு வந்துகொண்டே இருந்தது. அப்புறம் மூன்று நாள் ஈரம் இழுக்கும் இயந்திரத்தைக் காருக்குள் ஓடவிட்டேன். அன்றிலிருந்து உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

இப்போது பராமரிப்பு இப்படிப் போகிறது. அக்டோபரிலும் மார்ச்சிலும் தூம்பைக் குத்திவிடுவேன். மார்ச்சில் உப்பு போடுவது நின்றதும் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் நன்றாகக் கழுவுவேன். முதல் வருடமே ஒரு பட்டறையில் கொடுத்து சில்லுக்குள்ளும் சப்ஃபிரேமுக்குள்ளும் துருத்தடுப்பு மெழுகு அடித்துக்கொண்டேன். 300 பவுண்டு ஆனது. இந்தக் காருக்கு நான் செய்த செலவில் இதைத்தான் முதலில் வைப்பேன். கூரையை ஈரத்தோடு மடக்கவே கூடாது, பூஞ்சை பிடிக்கும். அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தைக் கூரைக்குக் காட்டக் கூடாது, மென்மையான பிரஷ் போதும். ரப்பர் விளிம்புகளுக்கு வருடத்தில் இருமுறை சிலிகான் கிரீஸ். எண்ணெய் அளவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குச்சியில் பார்ப்பேன். பின்சக்கர பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் இறுகிக்கொள்ளும் பழக்கம் எம்எக்ஸ்-5-க்கு உண்டு, சர்வீஸில் அது நகர்கிற சின்னக் கம்பிகளைக் கழற்றிக் கிரீஸ் போடச் சொல்லுங்கள்.

துணிக்கு பதிலாக மடங்கும் கெட்டிக் கூரை உள்ள மூன்றாம் தலைமுறைக் காரும் 2006 முதல் உண்டு. பொத்தானை அழுத்தினால் 12 நொடியில் மடங்கும், பூட் இடமும் குறையாது, எடை 37 கிலோ கூடுகிறது. தெருவில் நிறுத்துபவர்களுக்கு, துணியைக் கத்தியால் கிழித்துவிடுவார்களோ என்ற பயம் இல்லை. நண்பர் ஒருவரின் காரில் இரண்டு முறை பயணித்ததுதான் என் அனுபவம். நெடுஞ்சாலையில் நிச்சயம் அமைதி. மழைநீர் வழிகள் அதிலும் இருக்கின்றன, அவற்றையும் சுத்தம் செய்ய வேண்டும்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் இந்தச் சனிக்கிழமை வாட்ஃபோர்டில் 2010 வருடத்து 2.0 லிட்டர் கார் ஒன்றைப் பார்க்கப் போகிறார். எம்ஓடி வரலாற்றை நேற்று இருவரும் சேர்ந்து படித்தோம், துரு என்ற சொல் எங்கும் இல்லை. என் காந்தத்தையும் டார்ச்சையும், தண்ணீர் நிரப்பிய சின்ன பாட்டிலையும் அவரிடம் கொடுத்திருக்கிறேன்.