மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் கோயில்ல நடக்கற வெள்ளிக்கிழமை தேவார வகுப்பு

கஷ்டகாலத்துல சாமிகிட்ட என்னத்த பேசறதுன்னு தெரியாம தவிக்கறவங்க இந்த வகுப்புக்கு கண்டிப்பா போங்க. எஸ்டேட் மாரியம்மன் கோயில்ல பூஜை முடிஞ்சதும் பின்னாடி தகரக் கொட்டகையில நடக்குது, காசு கிடையாது.

கம்பெனிய மூடிட்டாங்க வேலை போச்சுன்னு நான் மத்த எடத்துல சொன்னப்ப, எல்லாம் கர்மா பொறுமையா இருங்கன்னாங்க, இல்லன்னா பரிகாரத்துக்கு இவ்ளோ வெள்ளி (ரிங்கிட்) ஆகும்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. இங்க வகுப்பு எடுக்கற ஐயா நேரா சுந்தரர் பதிகத்த எடுத்தாரு. உன்ன விட்டுப் போகமாட்டேன்னு சம்சாரம் சங்கிலியாருக்கு குடுத்த சத்தியத்த மீறி திருவொற்றியூர விட்டு கிளம்புனதுல சுந்தரருக்கு ரெண்டு கண்ணும் போச்சு, காஞ்சிபுரத்துல ஒரு கண்ணு வந்துச்சு, இன்னொண்ணு வரல, திருவாரூர்ல போய் சிவன்கிட்டயே சண்டை போடறாரு, நான் விரும்பித்தானே அடிமையானேன் எதுக்கு என் கண்ண எடுத்தீங்க, பழி உங்களுக்குத்தான், மத்த கண்ணையும் தரலன்னா நீங்களே நல்லா வாழ்ந்துட்டுப் போங்கன்னு! இத ஏழாம் திருமுறையில வச்சு இன்னிக்கும் சாமி முன்னாடியே பாடறோமே. அப்பரும் சூலை நோய், அதான் கடுமையான வயித்து வலி, தாங்காம திருவதிகையில பாடுன முதல் பதிகம் முறையீடுதான். இதெல்லாம் சின்ன வயசுலயே யாராவது சொல்லிக் குடுத்திருக்கணும்.

பாடி முடிச்சதும் மைக்க அடைச்சிட்டு எல்லாரும் அம்மன் முன்னாடி போய் அவங்கவங்க வாய்ல வரத பேசறாங்க. ஒரு அக்கா சத்தமாவே, "ஆத்தா, ரப்பர் மரத்துல பால் வெட்டி வளத்த புள்ள சும்மா ஒக்காந்திருக்கான், நீ பாத்துகிட்டுதானே இருக்க, எனக்கு கோவமா வருது"ன்னாங்க. யாரும் அடக்கல. பக்கத்துல இருந்த பாட்டி அவங்க கைய புடிச்சிகிட்டாங்க, அவ்ளோதான். அதப் பாத்த பின்னாடிதான் எனக்கும் வாய் வந்துச்சு, வீட்டு லோன்ல இருந்து எல்லாத்தையும் சொல்லி அழுதேன். வேலை இன்னும் கெடைக்கல, ஆனா ராத்திரி தூங்கறேன்.

கொறைன்னா, பாட்டுத் தாள் போட்டோகாப்பி ரொம்ப மங்கல், வயசானவங்க வெரல வச்சு தடவித்தடவி படிக்கறாங்க, ஐயா பண்ணோட வேகமா போயிடறதால புதுசா வரவங்களுக்கு புடிக்க முடியல. பெரிய எழுத்துல அடிச்சு குடுத்தா புண்ணியமா போகும். கொசு நெறய. ரோட்டுல செம்பனை லாரி வரும், மோட்டர் சைக்கிள்ல வரவங்க பாத்து வாங்க, புள்ளைங்களையும் கூட்டிட்டு வரலாம், சுண்டல் உண்டு.