சங்குப்பிட்டிப் பாலமும் இடப்பக்கக் கதவும்

கொழும்பிலிருக்கும் மச்சான் கேட்டான்: "நாலு கதவுக்கும் உள்ளுக்குத் தகடு ஒட்டினா ஜீப்புக்குள்ள சத்தமே வராதாம். ஒரு லட்சத்துக்கு மேல கேக்கிறாங்கள். ஒட்டட்டோ?" ஒட்டாதே, முதலில் ரயரைப் பார் என்று ஒரு வரி அனுப்பினேன். ஏன் என்று திருப்பிக் கேட்டான். அது ஒரு வரியில் அடங்காது. அவனிடம் இருக்கும் அதே ஜப்பான் ஹைபிரிட் ஜீப்தான் என்னிடமும் நிற்கிறது. அதன் இரைச்சலோடு சில வருடமாக மல்லுக்கட்டுகிறேன்.

எண்ணெய்ச் செலவு, ஏசி, இருக்கை பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லாம் நல்லது, எல்லாருக்கும் தெரியும். வினை ஹைபிரிட்டின் அமைதியில்தான் இருக்கிறது. எஞ்சின் அடிக்கடி நின்றுவிடும். பழைய டீசல் வானில் எஞ்சின் சத்தத்துக்குள் ஒளிந்து கிடந்த எல்லாம் இதில் நேரே காதுக்கு வரும்.

வருகிற சத்தம் நிலத்திலிருந்தா, காற்றிலிருந்தா என்று பிரித்தறிய மெக்கானிக் தேவையில்லை. ஏ9 காப்பெற் வீதியில் 60 இல் ஓடிவிட்டு, தார் ஊற்றிக் கல் தூவிய பழைய உள்வீதி ஒன்றில் அதே வேகத்தில் ஓடிப் பாருங்கள். றோட்டு மாறும்போது சத்தமும் மாறினால் அது ரயர். றோட்டு எதுவானாலும் மாறாமல், திசை திரும்பும்போது மட்டும் மாறினால் அது காற்று.

எனக்கு முக்கால்வாசி ரயர்தான். ரயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமை செய்தது. நிலத்தில் படும் வெட்டுப் பூ தேயாமல் இருந்தாலும் நம் வெயிலில் நின்று ரப்பர் இறுகிவிட்டால் சத்தம் கூடத்தான் செய்யும். அடுத்தது, உள்ளங்கையால் பூவை முன்னுக்கும் பின்னுக்கும் தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கி, திரும்ப வரும்போது கையில் குத்தினால் எலைன்மென்ற் பிழைத்துக் கட்டை கட்டையாகத் தேய்ந்திருக்கிறது. அந்த ரயர் போடும் ஊளையை வீல் பேரிங் சத்தம் என்று சொல்லி பேரிங்கை மாற்றிவிட்ட ஆட்கள் எத்தனையோ. பேரிங் என்றால், ஓடும்போது ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசைக்கையில் ஒரு பக்கம் மட்டும் உறுமல் கூடும். இடப்பக்கம் திருப்பக் கூடினால், பாரம் ஏறிய வலப்பக்கத்துப் பேரிங்கைப் பார்க்கவேண்டும்.

காற்றழுத்தத்தையும் பாருங்கள். எங்கள் ஜீப்பின் கதவுத் தூணில் ஒட்டிய தாளில் 33 பிஎஸ்ஐ என்று இருக்கும். காற்று அடிக்கிற பெடியன் கேளாமலே 40 அடித்துவிடுவான். கல்லுக் கல்லாகக் காதில் கேட்கும்.

புது ரயருக்கு நான் பெரிய வெட்டுப் பூ உள்ளதை எடுக்கவில்லை. ஜீப் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று கடைக்காரர் வாதாடினார். அவர் என் பின் இருக்கையில் கிளிநொச்சிவரை வரப்போவதில்லையே. ஐரோப்பிய லேபலில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணைக் காட்டினார். அந்த எண் வெளியே, வாகனம் 80 இல் எஞ்சின் நிறுத்தி உருண்டு போகும்போது, 7.5 மீற்றர் தள்ளி வைத்த மைக்கில் அளந்தது. தெருவோரம் நிற்பவரின் காதுக்கு உதவும். உள்ளே இருப்பவருக்கு அதே கணக்கு என்று நம்பவேண்டாம். ஆனாலும் சாதாரண றோட்டுப் பூவோடு வந்த அந்தப் புது ரயர் கொடுத்த நிம்மதியை வேறு எதுவும் கொடுக்கவில்லை. காப்பெற் வீதியில் மெல்லிய குரலில் கதைக்கலாம் என்று ஆனது.

இனிக் காற்று. சட்டப்படி 70 க்கு மேல் ஓட முடியாத நம் றோட்டுகளில் காற்றைவிட ரயர்தான் கூடச் சத்தம் போடும் என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் ஆனி, ஆடியில் பூநகரிப் பக்கம் போயிருக்க மாட்டார்கள். தென்மேற்கிலிருந்து மணிக்கு 30 கிலோமீற்றரில் வீசும் சோளகத்தை எதிர்த்து 70 இல் ஓடினால், கண்ணாடிக்கு அது 100. காற்று இரைச்சலின் வலு வேகத்தின் ஏறக்குறைய ஆறாம் அடுக்கில் ஏறுவது. 70 இலிருந்து 100 க்குப் போனால் 9 டெசிபலளவு கூடும். காதுக்கு அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மீற்றர் முள் அசையாமல் நிற்க, சத்தம் இரட்டித்து நிற்கும்.

எனக்கு விளங்காமல் இருந்தது வேறொன்று. யாழ்ப்பாணத்தையும் பூநகரியையும் இணைக்கும் சங்குப்பிட்டிப் பாலத்தில் தெற்கு நோக்கிப் போகும்போது சோளகம் வலப்பக்கம், என் பக்கம்தான் அடிக்கிறது. எனக்கோ பெரிதாகச் சத்தமில்லை. இடப்பக்கம் இருக்கும் மனைவிதான், "இஞ்சேருங்கோ, கண்ணாடி முழுக்கப் பூட்டியிருக்கோ?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். பூட்டித்தான் இருக்கும். மார்கழியில் வடகிழக்கு வாடைக்கு எதிரே யாழ்ப்பாணம் திரும்பும்போதும் அதே பக்கம், அதே கேள்வி.

ஒரு நாள் தம்பியை ஓட்டச் சொல்லிவிட்டு நான் இடப்பக்கம் ஏறினேன். மனைவி கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. காற்று அடிக்கும் பக்கத்தில் கதவு உள்ளுக்கு அமுங்கும், கதவோர ரப்பர் நன்றாகப் படியும். மறுபக்கத்தில் முன்தூணைச் சுற்றிக் காற்று சுழித்து அழுத்தம் இறங்கும். கதவின் மேல்விளிம்பு மயிரிழையளவு வெளியே இழுபடும். இறுகிப்போன பழைய ரப்பரால் அந்த இடைவெளியைத் தொடர்ந்து போய் மூட முடியாது. உள்ளிருக்கும் காற்று அதால் சீறிக்கொண்டு வெளியேறும். தெற்கே போகச் சோளகமும், வடக்கே வர வாடையும், எதிரே வந்தால் இரண்டுமே வலப்பக்கத்தால்தான் வரும். ஆகவே இரண்டு பருவத்திலும் பாவம் இடப்பக்கத்து ஆள்.

கண்டுபிடிக்க உதவியது கடுதாசி ரேப். கதவு விளிம்பு, சைட் கண்ணாடி அடி, முன்கண்ணாடி ஓரம், மழை வைசர் எல்லாவற்றிலும் ஒட்டிவிட்டு, ஒவ்வொன்றாக உரித்து உரித்து அதே பாலத்தால் ஓடவேண்டும். எந்த ரேப்பை உரிக்கச் சத்தம் வருகிறதோ அதுதான் ஆள். வழியில் ஒரு சென்றிக்காரர் இது என்ன கோலம் என்று கேட்டார். சொன்னேன், சிரித்துவிட்டுப் போகவிட்டார்.

கூரையின் குறுக்குக் கம்பி இரண்டும் வல்வெட்டித்துறைப் பட்டத்தில் ஓசைக்காகக் கட்டும் விண் போலக் கூவின. கம்பிக்குப் பின்னால் காற்று மாறி மாறிச் சுழித்து விடுபடும் கூவல் அது. சாமான் ஏற்றாத நாளில் கழற்றி வைக்கலாம். கழற்ற முடியாவிட்டால் நைலோன் கயிற்றைச் சுருளாகச் சுற்றினாலும் அடங்கும். வைசரும் கொஞ்சம் இரைகிறது, ஆனால் கழற்றமாட்டேன். வெயிலில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இரண்டு விரல் திறந்து வைக்க இந்த ஊரில் அது வேண்டும்.

கதவுக்கு நூறு ரூபாய்த் தாள் போதும். ரப்பருக்கும் கதவுக்கும் இடையில் வைத்துச் சாத்தி, இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது. என் இடப்பக்க முன்கதவின் மேல் மூலையில் தாள் தானாகவே விழுந்தது. ரப்பரைக் கழுவித் துடைத்து, சிலிக்கோன் கிறீஸ் மெல்லிதாகப் பூசினேன். மண்ணெண்ணெய், சாதாரண கிறீஸ், எண்ணெய் எதையும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். அந்த வகை ரப்பர் ஊதி இளகிக் கெட்டுவிடும். பிறகு தூணிலிருக்கும் கதவுக் கொளுவியின் பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு, ஆணியைத் தளர்த்தி, ஒரு மில்லிமீற்றரளவு உள்ளுக்குத் தள்ளி இறுக்கினோம். செலவு ஒரு கிறீஸ் குப்பியும் ஒரு பிளேன்ரீயும். பாலத்துச் சீறலில் பெரும்பங்கு அதோடு போனது. மிச்சம் இன்னும் இருக்கிறது, அது முன்கண்ணாடி ஓர ரப்பரில். முன்பிருந்த சொந்தக்காரர் கண்ணாடி மாற்றியபோது பூட்டியவர் அதை ஒழுங்காகப் படியவைக்காமல் விட்டிருக்கிறார். பெரிய மெலிந்த கண்ணாடியும் உயரப் பெட்டியுமாக வாகனத்தை வரைந்தவர்களைத் திட்டவும் ஆசைதான். ஆனால் எல்லாரும் கேட்பது உயர வாகனம். அப்படியென்றால் காற்று அடிக்கும்தானே.

தகட்டுக்கு வருகிறேன். கடையில் வெறும் கதவையும் தகடு ஒட்டிய கதவையும் தட்டிக் காட்டுவார்கள். ஒன்று டண், மற்றது டொக். மயங்கிவிடுவீர்கள். தகடு செய்யும் வேலை அந்த டண்ணை டொக் ஆக்குவதுதான். தகரம் அதிர்வதை அடக்கும். கண்ணாடியாலும் ரப்பர் இடுக்காலும் வருவதைத் தடுக்காது. ஒட்டுகிறவர் கதவின் அடியிலுள்ள தண்ணீர்த் துளைகளையும் சேர்த்து அடைத்தால், கார்த்திகை மழை கதவுக்குள்ளேயே தங்கித் துருவைத் தொடங்கிவிடும். அந்தக் காசில் கால்வாசியை எடுத்துப் பின்சில்லு வளைவுக்கும் மேலதிகச் சில்லுக் குழிக்கும் தகடும் தடித்த கம்பளியும் போட்டேன். ஜீப்பில் டிக்கியும் ஆட்கள் இருக்கும் இடமும் ஒரே அறை, நிலத்துச் சத்தம் அங்கேயிருந்துதான் வருகிறது. பின்னால் இருக்கும் அம்மா இப்போது பரந்தன் தாண்டுமுன் நித்திரை.

இவ்வளவு சொன்ன பிறகு மச்சானிடம் ஒரு சிநேகிதன் கேட்டானாம், இதே மொடல் வாங்கலாமோ என்று. வாங்கவேண்டாம். 2020 இல் நின்ற இறக்குமதி 2025 இல் திறந்த பிறகும் பழையதற்குச் சொல்லும் விலை நியாயமில்லை. அந்த விலைக்கு, ரயரும் ரப்பரும் கண்ணாடியும் நானே சரிக்கட்ட வேண்டிய ஒரு பெட்டி எதற்கு? என்னுடையதை விற்கிறேனோ என்றும் கேட்டிருக்கிறான். இல்லை. முன்கண்ணாடி ரப்பருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், சோளகத்துக்கு முன் வந்துவிடும் என்கிறார்கள்.