‘வீடு காலியாக இருந்தாலும் வாடகை வரும்’ என்று சொல்லி வருபவர்களிடம் உஷார்

முதலீட்டுக்காக ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்கள், கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். வழக்கு நடந்துகொண்டிருப்பதால், காலியாக இருந்தாலும் வாடகை தருவதாகச் சொல்லி என் வீட்டை எடுத்த நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இல்லை. இதே வேலையைச் செய்பவர்கள் வேறு வேறு பெயரில் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள்.

அவர்கள் சொன்னது இதுதான்: “ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் பிறந்தால் உங்கள் கணக்கில் பணம் விழும். ஆள் பிடிப்பது, குழாய் ரிப்பேர், பெயின்ட் எல்லாம் எங்கள் பொறுப்பு.” வெளியில் கிடைக்கும் வாடகையைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனாலும் கணக்குப் போட்டால் நியாயமாகவே தெரியும். வருடத்தில் 1 மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் 8 சதவீதத்துக்கு மேல் போச்சு. 2 மாதம் என்றால் ஆறில் ஒரு பங்கு. கடன் தவணையோ ஒரு மாதமும் நமக்காக நிற்காது. அந்தப் பயத்தை வைத்துத்தான் அவர்கள் தொழில் நடக்கிறது.

சூட்சுமம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. பேசும்போது “உங்கள் சார்பில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பார்கள். தாளிலோ அவர்களே வாடகைக்காரர். அவர்கள் விரும்பியவரை உள்வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நடுவில் ஒரு வரி இருக்கும். உங்களுக்கு 100 தருவதாக ஒத்துக்கொண்டு, வீட்டை 5 பேருக்கு ஆளுக்கு 35 என்று பிரித்துவிட்டால் கைக்கு 175 வருகிறது. இதுபோக ஒவ்வொருவரிடமும் முன்பணம் வேறு. அந்த முன்பணத்தைச் சுழற்றித்தான் அடுத்தடுத்த வீட்டு ஓனர்களுக்கு ‘உத்தரவாத’ வாடகை போகிறது. புது வீடு சிக்குவது நின்றால் பணமும் நின்றுவிடும்.

எனக்கும் முதலில் சரியாகத்தான் வந்தது. அப்புறம் தாமதம், அப்புறம் பாதி, அப்புறம் ‘ரிப்பேர் செலவு கழித்தது போக’ என்று ஒரு குறுஞ்செய்தி. பில் கேட்டால் ஒரு வரியில் மொத்தத் தொகை மட்டும் வரும். யார் வந்தார், எந்தச் சாமான் மாற்றினார் என்று எதுவும் இருக்காது. வீட்டைப் பார்க்க வேண்டும் என்றால், குடியிருப்பவர்களுக்குத் தொந்தரவு என்று தள்ளிப் போட்டார்கள். வாடகை வராததைவிட இதுதான் பெரிய எச்சரிக்கை மணி என்பேன்.

முறைப்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஒருநாள் போனேன். ஹாலை பிளைவுட் அடித்து மூன்று அறையாக்கியிருந்தார்கள். தடுப்பு ஜன்னலின் நடுவில் வந்து முட்டியதால் ஒரு அறைக்குப் பாதி ஜன்னல், இன்னொன்றுக்கு மீதிப் பாதி, மூன்றாவதற்குக் காற்றே இல்லை. ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேல் பாக்ஸாகச் செருகி, ஒயர் தடுப்புக்கு அடியில் ஓடியது. பாத்ரூம் கூரை முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்து யார் என்று கேட்டார். ஓனர் என்றேன். “ஓனர் போன மாசம்தானே வந்து அட்வான்ஸ் வாங்கிட்டுப் போனாரு?” என்று ரசீதை எடுத்துக் காட்டினார். அதில் என் வீட்டு முகவரி, யாரோ ஒருவருடைய கையெழுத்து.

அவரும் என்னைப் போல ஏமாந்தவர்தான். ஆனால் இருவரையும் நேருக்கு நேர் நிறுத்திவிட்டு நிறுவனம் நழுவிவிட்டது. பூட்டை மாற்றுவது, கரண்டை நிறுத்துவது என்று யோசனை சொல்ல நிறையப் பேர் வருவார்கள். கேட்காதீர்கள். பல நாடுகளில் நீதிமன்ற உத்தரவில்லாமல் அப்படி வெளியேற்றுவது குற்றம். வழக்கு உங்கள் மீதே திரும்பும். இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். சொல்லாமல் உள்வாடகைக்கு விட்டாலோ, அறை பிரித்து மாற்றினாலோ நஷ்டஈட்டை மறுக்க இடம் கொடுக்கும் பாலிசிகள் உண்டு. கடன் கொடுத்த வங்கியும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

இப்படி ஒரு திட்டத்தோடு உங்களிடம் வந்தால், எதை வைத்து உத்தரவாதம் தருகிறீர்கள் என்று கேளுங்கள். வங்கி உத்தரவாதமோ, உங்கள் பெயரில் சில மாத வாடகை வைப்போ இல்லாத வாக்குறுதி, அந்த நிறுவனம் நிற்கும் வரைதான் நிற்கும். எழுத்துப்பூர்வச் சம்மதமில்லாமல் உள்வாடகை இல்லை, முன்னறிவிப்போடு வீட்டைப் பார்க்கும் உரிமை உண்டு, வாடகை தவறினால் ஒப்பந்தம் முறியும் என்ற மூன்றும் தாளில் இருக்கட்டும். முடியாது என்று இழுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் வாடகை ஒழுங்காக வந்தாலும் சரி, இந்த வாரமே முறையாக நோட்டீஸ் கொடுத்து வீட்டைப் போய்ப் பாருங்கள். தேதியோடு போட்டோ எடுங்கள். உள்ளே இருப்பவர்களிடம் சண்டை வேண்டாம். அவர்களிடம் இருக்கும் ரசீதுக்கு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். என் வழக்கில் வக்கீல் முதலில் கேட்டது அதைத்தான்.